அமெரிக்கக் கவுன்டித் திருமணப் பதிவேடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குடும்ப வரலாறு தேடுபவர்கள், அந்நாட்டுச் சமூக வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள், பழைய ஆவணம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குப் பொருள் தேடுபவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பெரும்பாலும் 18, 19-ஆம் நூற்றாண்டுகளைப் பற்றியும், 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியைப் பற்றியும் பேசுகிறோம்.

திருமணப் பதிவுகள் ஏன் கவுன்டி அலுவலகத்தில் இருக்கின்றன? வாஷிங்டனில் கேட்டால் கிடைக்காதா?

கிடைக்காது. அமெரிக்காவில் திருமணம் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது. மாநிலங்கள் அந்தப் பொறுப்பைத் தமக்குக் கீழுள்ள கவுன்டிகளிடம் விட்டுவிட்டன. கவுன்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு. ஆனால் பல கவுன்டிகள் நம் வட்டத்தை விடவும் மக்கள்தொகையில் சிறியவை. இன்று நாடு முழுவதும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுன்டிகள் உள்ளன. நிலக் கிரயம், உயில், வரி, வழக்கு, திருமணம் எல்லாம் கவுன்டித் தலைநகரில் உள்ள நீதிமன்றக் கட்டடத்திலேயே பதிவாயின.

இந்த ஏடுகள் வம்சாவளி எழுதுவதற்காக வைக்கப்பட்டவை அல்ல. கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் முழுவதும் அனுபவிக்கும் உரிமை பழைய ஆங்கிலச் சட்டத்தின்படி மனைவிக்கு உண்டு. அந்த உரிமையைக் கோரும் பெண் முறையாக மணம் செய்தவளா, பிள்ளைகள் சட்டப்படியான வாரிசுகளா என்ற கேள்வி எழும்போது காட்டுவதற்கு ஒரு சான்று வேண்டும், அதற்காகவே ஏடு. ஒவ்வொரு தாளும் யாருடைய பணத்தையோ சொத்தையோ பொறுப்பையோ காப்பதற்காக எழுதப்பட்டது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது தெளிவாகும். கீழே வரும் பல விடைகளுக்கும் இதுவே அடிப்படை.

எல்லா மாநிலங்களிலும் கவுன்டியில்தான் தேட வேண்டுமா?

இல்லை. நியூ இங்கிலாந்து மாநிலங்களில் ஊர் எழுத்தரே பதிவு செய்தார். மாசச்சூசெட்ஸ் குடியேற்றம் 1639-லேயே பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பதிய வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அங்கே குடியேறிய சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் திருமணத்தைத் திருவருட்சாதனமாகக் கொள்ளாமல் உலகியல் ஒப்பந்தமாகவே கருதினர். எனவே போதகர் அல்லாமல் ஊர் அதிகாரியே மணம் முடித்து வைத்தார். லூசியானாவில் கவுன்டிக்குப் பதிலாகப் ‘பாரிஷ்’ என்ற பிரிவு உண்டு. பெயர் திருச்சபைப் பங்கைக் குறிப்பதாக இருந்தாலும் இன்று அது அரசு நிர்வாகப் பிரிவுதான்.

தொடங்கிய ஆண்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பென்சில்வேனியாவில் கவுன்டி உரிமம் 1885 அக்டோபர் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. தென் கரோலினாவில் 1911 வரை திருமண உரிமம் என்பதே இல்லை. ஆகவே 1850-இல் தென் கரோலினாவில் நடந்த ஒரு திருமணத்துக்குக் கவுன்டி உரிமம் தேடி அலைவது வீண். தேவாலய ஏடு, செய்தித்தாள், சொத்துப் பத்திரம் ஆகியவற்றின் பக்கம் திரும்புவதே முறை.

எந்த அலுவலர் வைத்திருந்தார் என்பதும் ஒரே சீராக இல்லை. இல்லினாயில் கவுன்டி எழுத்தர். இந்தியானாவில் நீதிமன்ற எழுத்தர். பென்சில்வேனியாவில் அநாதைகள் நீதிமன்றம் என்று பெயர் கொண்ட மன்றத்தின் எழுத்தர். ஒகையோவில் 1852 வரை பொது வழக்கு நீதிமன்றம், அதன் பிறகு உயில் நீதிமன்றம். கடிதம் எழுதுமுன் சரியான அலுவலகத்தைத் தெரிந்துகொள்வது பல வாரக் காத்திருப்பை மிச்சப்படுத்தும்.

ஒரு திருமணத்துக்கு எத்தனை ஆவணங்கள் இருக்கும்?

ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், ஐந்தாறும் இருக்கலாம். வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, ஓலை வாசித்தல். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மூன்று ஞாயிறுகள் தொடர்ந்து தேவாலயத்தில் இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று அறிவிக்கும் அதே வழக்கம் ஆங்கிலேயக் குடியேற்றங்களிலும் இருந்தது. ஓலை வாசித்து மணந்தவர்களுக்குக் கட்டணம் குறைவு. ஆனால் அந்த அறிவிப்பு பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு வந்து சேரவில்லை. ஏழைகளின் திருமணங்கள் கவுன்டி ஏட்டில் குறைவாகக் காணப்படுவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, பிணைப்பத்திரம். ஓலை வாசிக்காமல் உரிமம் பெற விரும்பிய மாப்பிள்ளை எழுதிக் கொடுத்தது. வர்ஜீனியா, வட கரோலினா, கென்டக்கி, டென்னசி போன்ற தென்பகுதி மாநிலங்களில் இதுவே மிகுதியாகக் கிடைக்கிறது.

மூன்றாவது, சம்மதச் சீட்டு. பெண்ணோ மாப்பிள்ளையோ சட்டம் குறித்த வயதை எட்டவில்லையென்றால் தந்தையோ பாதுகாவலரோ எழுதித் தந்தது. கையகலக் கிழிசல் தாளில், எழுத்துக்கூட்டத் தெரியாத கையால், “என் மகளுக்கு உரிமம் கொடுக்க எனக்குத் தடை இல்லை” என்ற பொருளில் இரண்டு வரி இருக்கும். குடும்ப வரலாறு தேடுபவருக்கு இதைவிட மதிப்புள்ள தாள் வேறு இல்லை என்பது என் எண்ணம். ஏனென்றால் தந்தையின் பெயரும், சில வேளைகளில் அவருடைய கையெழுத்தும், பெண்ணின் தாய்மாமன் போன்ற சாட்சிகளின் பெயர்களும் இதில் மட்டுமே இருக்கும்.

நான்காவது, உரிமம். எழுத்தர் கொடுப்பது, மணமக்கள் அதைப் போதகரிடமோ, சமாதான நீதிபதி எனப்படும் உள்ளூர்ச் சிறு நீதிபதியிடமோ கொண்டுபோவார்கள். ஐந்தாவது, மணம் முடித்து வைத்தவர் “இந்த நாளில் இவர்களை மணத்தில் இணைத்தேன்” என்று எழுதி எழுத்தருக்குத் திருப்பி அனுப்பும் அறிக்கை. ஆறாவது, இவற்றையெல்லாம் பார்த்து எழுத்தர் தம் பெரிய ஏட்டில் எடுத்தெழுதும் பதிவு. இன்று இணையத்தில் நாம் காண்பது பெரும்பாலும் இந்த ஆறாவதைத்தான். அது நகல் என்பதை மறக்கக்கூடாது.

பிணைப்பத்திரத்தில் ஐம்பது பவுண்டு என்று இருக்கிறதே, அவ்வளவு பணத்தை ஏழை உழவர்கள் எப்படிக் கட்டினார்கள்?

அவர்கள் கட்டவில்லை. அது ஜாமீன் தொகை. “இந்தத் திருமணத்துக்குச் சட்டப்படித் தடை எதுவும் இல்லை, இருப்பதாகத் தெரியவந்தால் இத்தொகையை ஆளுநருக்குச் செலுத்தக் கடமைப்பட்டுள்ளோம்” என்று மாப்பிள்ளையும் ஜாமீன்தாரர் ஒருவரும் கையெழுத்திட்டார்கள். ஏற்கெனவே மணமானவராக இருப்பது, வயது போதாமை, நெருங்கிய இரத்த உறவு முதலியவை தடைகள். தடை இல்லாதவரை ஒரு காசும் கைமாறாது.

ஜாமீன் நின்றவர் பெரும்பாலும் பெண்ணின் தந்தை, அண்ணன், மாமன், பாதுகாவலர் ஆகியோரில் ஒருவர். பெண்ணின் குடும்பம் தெரியாதபோது ஜாமீன்தாரரின் பெயரைப் பிடித்துக்கொண்டு நிலப் பதிவுகளிலும் உயில்களிலும் தேடினால் வழி பிறக்கும்.

இப்படியொரு பத்திரத்தை நெருங்கிப் பார்ப்போம். பின்னாளில் அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெபர்சன், மார்த்தா ஸ்கெல்டனை மணக்க 1771 டிசம்பர் 23-ஆம் தேதி ஐம்பது பவுண்டுக்குப் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஜாமீன் நின்றவர் பிரான்சிஸ் எப்ஸ். மார்த்தா ஏற்கெனவே கணவரை இழந்தவர். பத்திரத்தில் முதலில் ‘மணமாகாத பெண்’ என்ற பொருள்தரும் சட்டச் சொல் எழுதப்பட்டு, பிறகு அது அடிக்கப்பட்டு, ‘விதவை’ என்று திருத்தப்பட்டுள்ளது. அந்த ஒரு சொல்லின் திருத்தத்துக்குச் சட்டப் பொருள் உண்டு: விதவைக்கு முதல் கணவரின் சொத்தில் பங்கு இருக்கும், மறுமணத்தோடு அதன் நிர்வாகம் புதுக் கணவரின் கைக்கு வரும். தேதியையும் கவனிக்க வேண்டும். திருமணம் நடந்தது 1772 ஜனவரி 1-ஆம் தேதி. பத்திரத் தேதியைத் திருமணத் தேதியாகக் கொண்டால் ஆண்டே மாறிவிடும்.

அப்படியானால் எந்தத் தேதியைத் திருமணத் தேதியாக எடுத்துக்கொள்வது?

மணம் முடித்து வைத்தவரின் அறிக்கையில் உள்ள தேதியை மட்டும். பத்திரத் தேதி, உரிமத் தேதி, எழுத்தர் ஏட்டில் பதிந்த தேதி ஆகியவை வேறு வேறு. ஆபிரகாம் லிங்கனும் மேரி டாடும் 1842 நவம்பர் 4-ஆம் தேதி இல்லினாயின் சாங்கமன் கவுன்டியில் உரிமம் பெற்று அன்றே மணந்தார்கள். அங்கே தேதிச் சிக்கல் இல்லை. குதிரையில் ஊர் ஊராகச் சுற்றிய மெதடிஸ்ட் போதகர்களோ, பல மாதங்களில் முடித்து வைத்த திருமணங்களைச் சேர்த்து ஒரே பட்டியலாக எழுதி, எப்போதாவது கவுன்டித் தலைநகருக்குப் போகும்போது எழுத்தரிடம் கொடுத்தார்கள். எழுத்தர் பட்டியல் வந்த நாளையே பதிவு நாளாக எழுதியிருப்பார்.

உரிமம் வாங்கியும் மணம் நடக்காமல் போனதுண்டு. அக்காலத்தில் எழுத்தர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு தாளுக்கும் வாங்கிய கட்டணமே வருவாய். எனவே கட்டணம் வந்த உரிமம் ஒழுங்காகப் பதிவாகியிருக்கும். கட்டணத்தோடு தொடர்பில்லாத அறிக்கைப் பகுதி வெற்றிடமாகக் கிடக்கும். வெற்றிடத்தைக் கண்டு “மணம் நின்றுபோயிற்று” என்று முடிவு கட்டக்கூடாது. போதகர் தாளைத் திருப்பி அனுப்பாமல் விட்டதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

1752-க்கு முற்பட்ட பதிவுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அதுவரை ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி தொடங்கியது. ஜனவரி, பிப்ரவரி மாதத் தேதிகள் ‘1731/32’ என்று இரட்டையாக எழுதப்பட்டிருந்தால் அது தவறு அன்று. குவேக்கர் சபையினர் மாதப் பெயர்களைச் சொல்லாமல் எண்ணால் குறித்தார்கள். அவர்களுடைய ‘முதல் மாதம்’ 1752-க்கு முன் மார்ச், அதன் பிறகு ஜனவரி.

பதிவு இருந்தும் கண்டுபிடிக்க முடியாமல் போனதுண்டா?

உண்டு. மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு லிங்கனின் பெற்றோர் திருமணம்.

லிங்கன் 1809 பிப்ரவரி 12-ஆம் தேதி கென்டக்கியில் பிறந்தார். அவர் அரசியலில் உயர்ந்தபோது, அவருடைய தாய் நான்சி ஹாங்க்ஸ், தந்தை தாமஸ் லிங்கனை முறையாக மணக்கவில்லை என்ற வதந்தி பரவியது. மறுக்க வேண்டுமானால் கவுன்டிப் பதிவைக் காட்ட வேண்டும். குடும்பம் வாழ்ந்த இடம் ஹார்டின் கவுன்டி. தாமஸும் நான்சியும் குடித்தனம் தொடங்கிய எலிசபெத்டவுன் அதன் தலைநகர். அங்கே தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான்சி இறந்த பிறகு, 1819 டிசம்பர் 2-ஆம் தேதி, தாமஸ் எலிசபெத்டவுனில் சாரா புஷ் ஜான்ஸ்டனை இரண்டாம் தாரமாக மணந்தது மட்டும் அங்கே பதிவாகியிருந்தது. இரண்டாவது மணத்துக்குச் சான்று உண்டு, முதலாவதற்கு இல்லை என்ற நிலை வதந்திக்கு மேலும் வலுச் சேர்த்தது.

சான்று இருந்தது, பக்கத்துக் கவுன்டியில். நான்சி தம் உறவினரான பெரி குடும்பத்தோடு வாஷிங்டன் கவுன்டியில் இருந்தார். கல்யாணம் பெண் வீட்டார் ஊரில் நடந்தது. ஆகவே பத்திரமும் அங்கேதான் எழுதப்பட்டது. 1806 ஜூன் 10-ஆம் தேதி தாமஸ் லிங்கனும் ரிச்சர்ட் பெரியும் ஐம்பது பவுண்டுக்குக் கையெழுத்திட்டார்கள். ஜூன் 12-ஆம் தேதி மெதடிஸ்ட் போதகர் ஜெஸ்ஸி ஹெட் மணம் முடித்து வைத்தார். தாம் முடித்து வைத்த மற்றத் திருமணங்களோடு சேர்த்து இதையும் பட்டியலில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள்கள் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் சிற்றூரின் நீதிமன்றக் கட்டடத்தில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தன. 1878-இல், லிங்கன் சுடப்பட்டு இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, கவுன்டி எழுத்தர் டபிள்யூ. எப். புக்கர் அவற்றைக் கண்டெடுத்தார். நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர் தம் தாயின் பெயரைக் காக்கும் அந்த இரண்டு தாள்களையும் காணாமலே போய்ச் சேர்ந்தார் என்பதை நினைக்கும்போது இப்போதும் மனம் கனக்கிறது.

தேடுபவர்களுக்கு இதில் உள்ள செய்தி எளியது. மாப்பிள்ளை வாழ்ந்த கவுன்டியில் கிடைக்கவில்லையென்றால் பெண் வீட்டாரின் கவுன்டியில் தேட வேண்டும்.

என் முன்னோர் இடம் மாறவே இல்லை. ஆனால் பழைய பதிவு அந்தக் கவுன்டியில் இல்லை. ஏன்?

ஆள் மாறாவிட்டாலும் எல்லை மாறியிருக்கும். மக்கள் பெருகப் பெருகப் பெரிய கவுன்டிகளைப் பிரித்துப் புதியவற்றை உருவாக்கினார்கள். பிரியும்போது பழைய ஏடுகள் தாய்க் கவுன்டியிலேயே தங்கிவிடும். லாஸ் வேகஸ் இன்று கிளார்க் கவுன்டியில் உள்ளது; அந்தக் கவுன்டி 1909-இல் லிங்கன் கவுன்டியிலிருந்து பிரிந்தது. 1907-இல் லாஸ் வேகஸில் நடந்த திருமணத்தை லிங்கன் கவுன்டியின் தலைநகரான பியோச்சியில் தேட வேண்டும். முன்னே சொன்ன லிங்கனின் பிறந்த இடமும் 1843 முதல் லாரூ கவுன்டியைச் சேர்ந்தது. கென்டக்கி முழுவதுமே 1792 வரை வர்ஜீனியாவின் பகுதி.

பழைய ஏட்டில் உள்ள எழுத்தும் சுருக்கங்களும் புரியவில்லை. என்ன செய்வது?

ஒரே எழுத்தரின் கையெழுத்தைப் பத்துப் பக்கங்கள் தொடர்ந்து படித்தால் கண் பழகிவிடும். உங்களுக்கு வேண்டிய ஒரு வரியை மட்டும் உற்றுப் பார்ப்பதில் பயனில்லை. அந்த எழுத்தர் மற்றப் பெயர்களில் ‘எஸ்’, ‘எல்’, ‘டி’ எழுத்துகளை எப்படிச் சுழித்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். சேர்ந்து வரும் இரண்டு ‘எஸ்’ எழுத்துகளில் முதலாவது ‘எஃப்’ போல நீண்டிருக்கும்.

போதகர் பெயருக்குப் பின் ‘எம்.ஜி.’ என்று இருந்தால் நற்செய்திப் போதகர், ‘ஜே.பி.’ என்றால் சமாதான நீதிபதி, ‘வி.டி.எம்.’ என்பது ‘இறைவார்த்தையின் ஊழியர்’ என்ற இலத்தீன் தொடரின் சுருக்கம். இந்த மூன்று எழுத்துகளை வைத்தே எந்தச் சபையின் ஏட்டில் அடுத்துத் தேடலாம் என்று ஊகிக்க முடியும். எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி இட, அதைச் சுற்றி எழுத்தர் ‘இன்னாரின் குறி’ என்று எழுதுவார். ஏட்டில் உள்ள கையெழுத்துகள் அனைத்தும் ஒரே கையால் எழுதப்பட்டவைபோல் தோன்றினால் அது எழுத்தர் எடுத்தெழுதிய நகல் என்று பொருள். மூலத் தாள் வேறு எங்கோ இருக்கிறது.

மூலத் தாள்கள் பெரும்பாலும் மூன்றாக மடிக்கப்பட்டு, வெளிப்புறத்தில் பெயரும் தேதியும் எழுதப்பட்டு, நாடாவால் கட்டுக் கட்டாகக் கட்டித் தகர இழுப்பறைகளில் வைக்கப்பட்டன. நூறாண்டு மடிந்தே இருந்த தாளை அவசரமாக விரித்தால் மடிப்போடு முறிந்துவிடும். ஆவணக் காப்பகங்கள் ஈரப்பதம் ஊட்டி, நாள் கணக்கில் பொறுமையாக அவற்றை நிமிர்த்துகின்றன.

பெயர் அகரவரிசையில் தேடியும் கிடைக்கவில்லையே?

அது நாம் எதிர்பார்க்கும் அகரவரிசையாக இல்லாமல் இருக்கலாம். பல ஏடுகளில் முதல் எழுத்து மட்டுமே ஒழுங்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். ‘எம்’ பக்கத்தில் எல்லா ‘எம்’ பெயர்களும் பதிவான வரிசையில் கலந்திருக்கும். பல கவுன்டிகளில் மாப்பிள்ளை பெயருக்கு மட்டும் அகரவரிசை இருந்தது. பெண் பெயருக்குப் பின்னாளில்தான் செய்தார்கள், அல்லது செய்யவே இல்லை. தம் முன்னோரான பெண்ணைத் தேடுபவர்கள் ஏட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கும்.

பென்சில்வேனிய நீதிமன்றங்களில் ‘ரஸ்ஸல்’ முறை என்று ஒன்று உண்டு. முதல் முறை பார்ப்பவர் திகைத்துப்போவார். இதில் எல், எம், என், ஆர், டி (L, M, N, R, T) என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள் திறவு எழுத்துகள். குடும்பப் பெயரின் முதல் எழுத்தை விட்டுவிட்டு, அதற்குப் பின் இந்த ஐந்தில் எது முதலில் வருகிறதோ அதன் பிரிவில் பெயர் இருக்கும். ‘மில்லர்’ என்ற பெயரை ‘எம்’ ஏட்டில் ‘எல்’ பிரிவில் பார்க்க வேண்டும். ‘மார்ட்டின்’ என்ற பெயரை அதே ஏட்டில் ‘ஆர்’ பிரிவில். சுற்றிவளைப்பதாகத் தோன்றும் இந்த முறையில் ஒரு நல்ல சூட்சுமம் உள்ளது. உயிரெழுத்துகளை அது கண்டுகொள்வதில்லை. ஜெர்மானியக் குடியேறிகள் நிறைந்த அந்த மாநிலத்தில் மில்லர், மியூல்லர், மொயல்லர் என்று ஒரே குடும்பத்தைப் பல விதமாக எழுதியிருந்தாலும் எல்லாம் ஒரே பிரிவுக்குள் வந்து விழுந்துவிடும்.

அடிமைப்படுத்தப்பட்டிருந்த கறுப்பின மக்களின் திருமணங்கள் பதிவாயினவா?

அடிமை முறை நிலவிய காலத்தில் அவர்களுடைய திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. ஒப்பந்தம் செய்யும் உரிமை இல்லாதவர் திருமண ஒப்பந்தமும் செய்ய முடியாது என்பது சட்டத்தின் வாதம். உண்மையான காரணம், கணவனையும் மனைவியையும் தனித்தனியே விற்கும் உரிமை எசமானுக்கு இருக்க வேண்டும் என்பதே. ஆனாலும் அவர்கள் மணந்தார்கள், குடும்பமாக வாழ்ந்தார்கள், விற்கப்பட்டுப் பிரிந்தார்கள்.

உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை கிடைத்த பின், ஏற்கெனவே சேர்ந்து வாழ்ந்தவர்களின் உறவைச் சட்டப்படியாக்க மாநிலங்கள் சட்டமியற்றின. வட கரோலினாவில் 1866 மார்ச் மாதச் சட்டத்தின்படி, முன்பு அடிமைகளாக இருந்த தம்பதியர் கவுன்டி எழுத்தர் முன்போ சமாதான நீதிபதி முன்போ வந்து, எப்போதிலிருந்து கணவன் மனைவியாக வாழ்கிறார்கள் என்று சொல்லி, 25 சென்ட் கட்டிப் பதிந்துகொண்டார்கள்.

வர்ஜீனியாவில் 1866 பிப்ரவரி 27-ஆம் தேதி நிலவரப்படி சேர்ந்து வாழ்ந்த தம்பதியருக்குத் தனி ஏடுகள் எழுதப்பட்டன. அவற்றின் நிரல்களைப் பாருங்கள்: கணவர் பெயர், வயது, பிறந்த இடம், வசிப்பிடம், தொழில், கடைசி உடைமையாளர், அவருடைய ஊர், மனைவிக்கும் அப்படியே, பிள்ளைகளின் பெயரும் வயதும், சேர்ந்து வாழத் தொடங்கிய நாள். அந்தக் கடைசி நிரலில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய தேதிகளும் வரும். ஏட்டில் ஏறும் முன்பே அவர்கள் அந்த நாளை நெஞ்சில் எழுதி வைத்திருந்தார்கள். குடும்பப் பெயரே பதியப்படாத ஒரு சமூகத்துக்கு, ‘கடைசி உடைமையாளர்’ என்ற அந்தக் கொடிய நிரல்தான் இன்று முந்தைய தலைமுறைக்குப் போகும் வழியாக இருக்கிறது.

தென் மாநிலக் கவுன்டிகள் பலவற்றில் அதன் பிறகும் வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று என இரு ஏடுகள் நெடுங்காலம் இருந்தன. இணையத் தொகுப்பில் ஒன்று மட்டும் ஏறியிருக்கக்கூடும். மற்றொன்று உள்ளதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

உரிமப் படிவத்தில் ‘இனம்’ என்ற நிரல் எதற்காக இருந்தது?

மறுப்பதற்காக. வெவ்வேறு இனத்தவர் மணப்பதைப் பல மாநிலங்கள் குற்றமாக்கியிருந்தன. அந்தச் சட்டத்தைக் காக்கும் வாயிற்காவலராகக் கவுன்டி எழுத்தர் அமர்த்தப்பட்டார். 1924-இல் வர்ஜீனியா இயற்றிய இனத்தூய்மைச் சட்டத்தின்கீழ், விண்ணப்பதாரர் சொல்லும் இனத்தில் ஐயம் இருந்தால் எழுத்தர் உரிமம் தராமல் நிறுத்தலாம்.

ஓர் எழுத்தரின் பேனா எவ்வளவு தூரம் தீர்மானித்தது என்பதைக் கலிபோர்னியாவில் காணலாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்பீரியல் பள்ளத்தாக்கில் பஞ்சாபிலிருந்து வந்து உழவு செய்த ஆண்கள், இந்தியாவிலிருந்து பெண்களை அழைத்துவர முடியாத நிலையில், மெக்சிகோ வழிப் பெண்களை மணந்தார்கள். இருவரின் நிறமும் எழுத்தரின் கண்ணுக்கு ஒத்திருந்தால் இரண்டு கட்டத்திலும் ‘பழுப்பு’ என்று எழுதி உரிமம் கொடுத்துவிடுவார். மறுத்தால் தம்பதியர் வேறு கவுன்டிக்கோ வேறு மாநிலத்துக்கோ போவார்கள். ஒரே சட்டம், பலன் எழுத்தருக்கு எழுத்தர் மாறியது.

லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் ஆந்திரியா பெரெஸ், சில்வெஸ்டர் டேவிஸ் ஆகிய இருவருக்கும் உரிமம் மறுக்கப்பட்டது. கவுன்டி எழுத்தர் ஷார்ப் மீது அவர்கள் தொடுத்த வழக்கில், 1948-இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. நாடு முழுவதற்கும் தீர்ப்பு வர 1967 ஜூன் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வர்ஜீனியாவின் கரோலைன் கவுன்டியைச் சேர்ந்த ரிச்சர்ட் லவிங், மில்ட்ரெட் ஜெட்டர் இருவரும் 1958-இல் வாஷிங்டன் நகருக்குப் போய் மணந்து திரும்பினார்கள். சில வாரங்களில் நள்ளிரவில் கவுன்டிக் காவல் தலைவரான ஷெரீப் வீடு புகுந்தார். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார்கள். அது இங்கே செல்லாது என்று சொல்லிக் கைது செய்தார். அந்த வழக்கில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டங்கள் அனைத்தையும் செல்லாதவை ஆக்கியது.

சொந்த ஊர் அல்லாத கவுன்டியில் போய் மணந்தவர்களும் உண்டா?

ஏராளம். ஒரு மாநிலம் காத்திருப்புக் காலமோ இரத்தப் பரிசோதனையோ விதித்தால், அவசரக்காரர்கள் எல்லையைத் தாண்டினார்கள். மேரிலாந்தின் சிசில் கவுன்டியில் உள்ள எல்க்டன், பிலடெல்பியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் ரயிலில் வந்திறங்கும் ஜோடிகளுக்குப் பேர்போனது. 1938-இல் மேரிலாந்து 48 மணிநேரக் காத்திருப்பை விதிக்கும்வரை அந்தச் சிற்றூர் நாட்டின் கல்யாணத் தலைநகராக இருந்தது. நகரத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியின் திருமணம் அந்நகரப் பதிவில் இல்லையென்றால், அக்காலத்தில் அருகில் எந்த எல்லை ஊரில் உரிமம் எளிதாகக் கிடைத்தது என்று விசாரிப்பது பயன்தரும்.

எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதா?

பெரும்பகுதி வந்துவிட்டது, முழுவதும் அன்று. யூட்டாவின் வம்சாவளிச் சங்கம் 1938-இல் நுண்படம் (மைக்ரோஃபிலிம்) எடுக்கத் தொடங்கி, கவுன்டி கவுன்டியாகச் சென்று ஏடுகளைப் படமெடுத்தது. அதன் வழிவந்த ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் அமைப்பு, சுமார் 24 லட்சம் நுண்படச் சுருள்களை எண்மயமாக்கும் பணியை 2021-இல் முடித்தது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்தவர்களுக்கு அரசு கொடுத்த பணிகளில் ஒன்று, கவுன்டி நிலவறைகளில் என்னென்ன ஏடுகள் உள்ளன என்று பட்டியலிடுவது. அந்தப் பட்டியல்கள் இன்றும் உதவுகின்றன.

ஆனால் படமெடுக்கச் சென்றவர்கள் கட்டிய ஏட்டைத்தான் முதலில் எடுத்தார்கள். நாடாவில் கட்டிய உதிரித் தாள்கள் பல இடங்களில் விடுபட்டன. எனவே அலுவலகத்துக்கு எழுதும்போது “திருமணச் சான்றிதழ் வேண்டும்” என்று கேட்டால், புதிய படிவத்தில் பெயரும் தேதியும் தட்டச்சு செய்த தாள் ஒன்றுதான் வரும். விண்ணப்பம், பிணைப்பத்திரம், சம்மதச் சீட்டு, போதகர் அறிக்கை ஆகியவற்றின் மூலப் படி வேண்டும் என்று தனித்தனியே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

நீதிமன்றக் கட்டடம் எரிந்துபோயிற்று என்கிறார்கள். இனி வழியே இல்லையா?

எரிந்தது உண்மையாக இருக்கலாம். 1871 அக்டோபரில் சிகாகோ பெருந்தீயில் குக் கவுன்டியின் பதிவுகள் அழிந்தன. 1884-இல் சின்சினாட்டி கலவரத்தில் ஹாமில்டன் கவுன்டி நீதிமன்றம் தீக்கிரையானது. 1906 நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் சான்பிரான்சிஸ்கோ தன் ஏடுகளை இழந்தது. வர்ஜீனியாவின் கதை இன்னும் வேதனையானது. உள்நாட்டுப் போரின்போது பத்திரமாக இருக்கட்டும் என்று ஹனோவர் முதலிய கவுன்டிகள் தம் ஏடுகளை மாநிலத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பி வைத்தன. 1865 ஏப்ரல் 3-ஆம் தேதி ரிச்மண்ட் எரிந்தபோது அவை அங்கே எரிந்தன.

ஆனால் “எரிந்த கவுன்டி” என்று சொல்லிவிட்டுத் தேடலை நிறுத்துவது தவறு. பல தீவிபத்துகளில் ஓர் அறை எரிந்து மற்றோர் அறை தப்பியது. தீக்குப் பிறகு மக்கள் தம்மிடம் இருந்த சான்றிதழைக் கொண்டுவந்து மறுபதிவு செய்த ஏடுகள் சில கவுன்டிகளில் உள்ளன. தேவாலய ஏடுகளும் செய்தித்தாள் அறிவிப்புகளும் வேறு கட்டடங்களில் இருந்தன.

இவற்றைத் தவிர, பலரும் எண்ணிப் பார்க்காத ஓரிடம் வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அங்கே திருமண ஏடு இல்லை என்று முதலிலேயே சொன்னோம். ஓய்வூதியக் கோப்புகள் உள்ளன. பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போரில் பணியாற்றியவர்களின் விதவைகளுக்கு 1836-ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வூதிய உரிமையை விரிவாக்கியபோது, தாம் மணந்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு எழுபது, எண்பது வயதான அந்தப் பெண்களின் மேல் விழுந்தது. சிலர் கவுன்டி எழுத்தரிடம் பிணைப்பத்திரத்தின் சான்றிட்ட நகலைப் பெற்று அனுப்பினார்கள். பின்னர் அந்த நீதிமன்றம் எரிந்தாலும் நகல் வாஷிங்டனில் தங்கிவிட்டது. நகல் கிடைக்காதவர்கள், கல்யாணத்தில் உடனிருந்த தோழியையோ அண்ணனையோ கூட்டிச் சென்று நீதிபதி முன் சத்தியம் செய்ய வைத்தார்கள். வேறு வழியே இல்லாதவர்கள், திருமண நாளும் பிள்ளைகள் பிறந்த நாளும் எழுதியிருந்த பக்கத்தைத் தம் குடும்ப வேதாகமத்திலிருந்து கிழித்து உறையில் வைத்து அனுப்பினார்கள். கிழிந்த ஓரத்தோடு அந்தப் பக்கங்கள் இன்றும் கோப்புகளில் இருக்கின்றன.